மோட், மேனர், அகழி, அரண்மனை: எது எதைச் சொல்லுது?

இங்கிலாந்து பத்தின பயணக் கட்டுரை ஒண்ணு தமிழ்ல படிச்சிட்டிருந்தேன், அதுல "மோட்டட் மேனர் ஹவுஸ்"ங்கறதை "அகழி உள்ள பண்ணை வீடு"ன்னு போட்டிருந்தாங்க. அகழி சரி. ஆனா பண்ணை வீடுன்னா இப்ப நமக்கு ஈசிஆர்ல பெரிய கேட்டு போட்டு ஸ்விம்மிங் பூல் வச்ச வீடுதானே ஞாபகம் வருது, 700 வருஷத்துக் கல் வீட்டுக்கு அந்தப் பேரு ஒட்டவே இல்ல. சரி, இந்தச் சொல்லுங்களையே கொஞ்சம் தோண்டிப் பாப்போம்.

முதல்ல மோட். இப்ப இங்கிலீஷ்ல இதுக்கு அர்த்தம் கோட்டையையோ வீட்டையோ சுத்தி இருக்கற தண்ணிப் பள்ளம். ஆனா இது வந்த பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு அர்த்தம் மேடு! தலைகீழ். 1066ல பிரான்ஸ் பக்கத்துலேந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதும் ஊர் ஊரா அவசரக் கோட்டை கட்டினாங்க, வட்டமா பள்ளம் வெட்டி அந்த மண்ணையே நடுவுல குவிச்சு அதுக்கு மேல மரத்துல ஒரு கோபுரம். மேடும் பள்ளமும் ஒரே மம்முட்டி வேலைல பிறந்ததுங்க. பேரு மொதல்ல மேட்டுக்குத்தான் இருந்துச்சு, அப்புறம் மெதுவா வழுக்கிப் பள்ளத்துல விழுந்துடுச்சு. இங்கிலீஷ்ல டிச், டைக் ரெண்டும் இதே கதைதான், ஒரே வேர், ஆனா டிச்சுன்னா பள்ளம், டைக்குன்னா பெரும்பாலும் கரை.

இங்க யாராச்சும் உடனே "மோட்டுவளைல இருக்கற மோடு நம்ம சொல்லாச்சே, அதுக்கும் உயரம்னுதானே அர்த்தம், அப்ப தமிழ்லேந்துதான் போச்சு"ன்னு கிளம்பிடாதீங்க. ஒலி ஒத்துப்போறது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. மேனர் விஷயத்துலயும் இதே கூத்து நடக்கும், நம்ம "மனை"தான் மேனர் ஆச்சுன்னு. இல்லங்க. அது லத்தீன்ல "மனேரே", தங்கறதுன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா வந்துச்சு. மேன்ஷனும் அதே வேர்தான், நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் உட்பட.

மேனருன்னா வெறும் வீடு இல்ல. ஒரு பிரபுவோட நிலம், அதுல குத்தகைக்கு உழறவங்க, அவங்க கட்டற வாடகை, சில்லறைத் தகராறைத் தீக்கற அவரோட சொந்தக் கோர்ட்டு எல்லாம் சேந்த ஏற்பாடுதான் மேனர். அந்தப் பிரபு இருக்கற வீடு மேனர் ஹவுஸ்.

அந்த வீட்டைச் சுத்தி எதுக்கு அகழி? எதிரிக்குப் பயந்துதான்னு நாம நினைப்போம். இங்கிலாந்துல அகழி வெட்டின இடம்னு தெரிஞ்சதே சுமார் 6,000 இருக்கு, அதுல நிறைய 1250லேந்து 1350க்குள்ள வெட்டினது, பெரும்பாலானது பெரிய படை வந்தா ஒரு நாள் கூடத் தாங்காது. உண்மைல அது அந்தஸ்து. அரசன்கிட்ட கோட்டை இருக்கு, என்கிட்ட அதுல கால்வாசியாச்சும் இருக்குன்னு காட்டிக்கறது. கூடவே மீன் வளக்கலாம், திருடனையும் மாட்டையும் வெளிய நிறுத்தலாம், களிமண் பூமியா இருந்தா தண்ணியும் நிக்கும், வீட்டடி ஈரமும் வடியும். பல வீட்டுல கக்கூஸும் நேரா அகழிக்குள்ளதான், அதைப் படங்கள்ல யாரும் காட்டறதில்ல. அகழி சும்மா வெட்டிக்கலாம், ஆனா மதில் உச்சில பல்லு பல்லா வச்சுக் கோட்டை மாதிரி ஆக்கறதுக்கு அரசன் லைசென்ஸ் கொடுக்கற வழக்கம் இருந்துச்சு. ஸ்டோக்சேங்கற இடத்துல லாரன்ஸ்னு ஒரு கம்பளி வியாபாரி 1291ல அந்த லைசென்ஸ் வாங்கினாரு. காசு வந்தா அடுத்தது கௌரவம்!

நல்ல உதாரணம் பாக்கணும்னா கென்ட் பகுதில இருக்கற வீடு. பேரு ஐட்டம் மோட். சிரிக்காதீங்க, எழுதறது வேற மாதிரி இருந்தாலும் உச்சரிப்பு ஐட்டம்தான். 1300கள் முதல் பாதில ஆரம்பிச்சது, சாம்பல் நிறக் கல்லும் மரச்சட்டமும், சுவரு தண்ணிலேந்தே நேரா எழும்பி நிக்கும். நடுவுல ஒரு முற்றம், சுத்தி 70க்கு மேல அறை, எல்லாம் ஒரே தடவைல கட்டினது இல்ல, ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொண்ணு ஒட்டிக்கிட்டே போயிருக்காங்க. 1521ல வாங்கின ரிச்சர்ட் கிளெமென்ட் எட்டாம் ஹென்றியோட அரண்மனை ஆளு, அதனால ராஜ விசுவாசம் தெரியற மாதிரி, வீட்டுக்குள்ளயே இருக்கற சாப்பல்ல (சின்ன ஜெப அறை) கூரை முழுக்க ராஜ வம்சத்தோட சின்னமான டியூடர் ரோஜாவும் ராணி கேத்தரினோட சின்னமான மாதுளையும் வரைய வச்சாரு. முற்றத்துல ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக 19ஆம் நூற்றாண்டுக் கடைசில கட்டின கூண்டு வேற இருக்கு, அதுக்கும் பழைய கட்டடங்களுக்கு அரசு தர்ற முதல் கிரேட் பாதுகாப்பு! 1953ல அமெரிக்காக்காரர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் வாங்கினாரு, அவரு மூலமா அது பழைய வீடுங்களைப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புக்கு வந்துச்சு. இதுல இன்னொரு வேடிக்கை, பேர்ல இருக்கற மோட் அகழி இல்ல, ஊர்க் கூட்டத்தைக் குறிக்கற "மூட்"னு சொல்றவங்களும் உண்டு.

இப்ப நம்ம பக்கம். அகழி, அகழ்ங்கற வினைலேந்து வந்தது, "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல"ல வர்ற அதே அகழ். மோட் மாதிரி குழப்பமே இல்ல, தோண்டினது அகழி. இதுக்கு இன்னொரு பழைய பேரு கிடங்கு. ஆமா, நெல்லு கிடங்குன்னு சொல்றோமே அதேதான். அகழியா இருந்த கிடங்கு சாமான் போட்டு வைக்கற இடமாச்சு, அது மலாய் வழியா இங்கிலீஷுக்குப் போயி கோடவுன் ஆச்சுன்னு அறிஞர்கள்ல பலர் சொல்றாங்க, கடைசில நாம அதையே குடோன்னு திரும்ப வாங்கிக்கிட்டோம்.

புறநானூறு 21ல ஐயூர் மூலங்கிழார் கானப்பேரெயில் கோட்டையை வரிசையா காட்டுவாரு: "நிலவரை இறந்த குண்டுகண் அகழி", வானத்தைத் தொடற மாதிரி புரிசை (மதில்), நட்சத்திரம் பூத்த மாதிரி ஞாயில், வெயிலே நுழையாத காவல்காடு மிளை. அந்த ஞாயில்தான் மதில் உச்சிப் பல்லு, லாரன்ஸ் லைசென்ஸ் வாங்கினாரே அதேதான். சொல்லு இருக்கு, நாமதான் எடுக்கறதில்ல.

மேனர் ஹவுஸுக்கு ஜமீன் பங்களான்னு போடலாம், ஆனா அது வெள்ளைக்காரன் காலத்து வரி வசூலைத்தான் நினைவுபடுத்தும். எனக்குப் பிடிச்சது கிழார் மனை. கிழார்னா உரிமையுள்ளவர், நிலக்கிழார்னு இன்னைக்கும் சொல்றோம். உண்மைல அச்சு அசலா பொருந்தற சொல்லு அரண்மனைதான், அரண் உள்ள மனை, வள்ளுவர் அரணுக்குச் சொல்ற பட்டியல்லயும் "மணிநீரும் மண்ணும்"னு தண்ணிதான் முதல்ல வருது. ஆனா அந்தச் சொல்லை ராஜாக்கள் எடுத்துக்கிட்டாங்க, இப்ப ஐட்டம் மோட்டை அரண்மனைன்னா படிக்கறவங்க பக்கிங்ஹாம் அளவுக்குக் கற்பனை பண்ணிடுவாங்க. அதனால நான் "அகழி சூழ்ந்த கிழார் மனை"ன்னு எழுதுவேன், சுருக்கமா வேணும்னா அகழிமனை.