புதியவர் சர்வருக்குள் நுழையும் முதல் பத்து நிமிடங்கள்

மைன்கிராஃப்ட் என்பது பிளாக்குகளை வெட்டி அடுக்கிக் கட்டும் விளையாட்டு; பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆட இணையும் இடம்தான் சர்வர். அந்தச் சர்வரை நடத்துபவர்கள் புதியவர்களுக்காக முதலில் கட்டுவது பெரும்பாலும் ஒரு பலகை அறைதான். நான்கு சுவரிலும் பலகைகள்: செய்யக்கூடாதவை எவை, வீட்டுக்குத் திரும்ப எந்தக் கமாண்ட் (சாட்டில் தட்டும் கட்டளை), கடைக்குப் போக எந்தக் கமாண்ட், நிலம் பிடிப்பது எப்படி. எழுதியவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்ட திருப்தி. வந்தவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் பலகையை ஒரு நொடி பார்ப்பார். ஒருமுறை குதிப்பார். எதிரில் உள்ள சுவரை உடைத்துப் பார்ப்பார், அது உடையாது. கதவைத் தேடி ஓடிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து சாட்டில் கேட்பார்: "வீட்டுக்கு எப்படிப் போறது?"

இதில் அவர் மேல் குற்றமில்லை. ஒரு வேலையில் இருக்கும்போது அந்த நேரத்துக்கு மட்டும் மனதில் பிடித்துவைக்கும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். அதில் ஏழு விஷயங்கள், கூடக்குறைய இரண்டு, நிற்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். உண்மையில் நான்குக்குப் பக்கத்தில்தான் என்று 2001இல் நெல்சன் கோவன் வாதிட்டார். தெரியாத உலகில் வந்து இறங்கியவருக்கு அந்த இடமெல்லாம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும்: எங்கே நிற்கிறேன், சுற்றி ஓடும் இவர்கள் யார், எந்தப் பக்கம் போவது. ஒரு சிக்கலைத் தீர்க்கும் முயற்சியே மனதை நிரப்பிவிட்டால் கற்பதற்கு மிச்சம் இருக்காது என்பதை 1988இல் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் விளக்கினார். பன்னிரண்டு பலகைகளை அந்த நிலையில் நீட்டினால் பன்னிரண்டும் வழிந்தோடிவிடும்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். மூன்று கேம்கள், 45,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். சிலருக்குப் பயிற்சி உண்டு, சிலருக்கு இல்லை. மூன்றில் மிகச் சிக்கலானது ஃபோல்டிட், புரதங்களை மடிக்கும் புதிர் விளையாட்டு. அதில் பயிற்சி இருந்தபோது விளையாடிய நேரம் 29% வரை கூடியது. எளிமையான மற்ற இரண்டிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தொட்டுப் பார்த்துக் கற்கக்கூடியதை மக்கள் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

சர்வர் நடத்துபவருக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. வருபவருக்கு மரம் வெட்டத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் தானாகக் கண்டுபிடிப்பார். அவரால் ஊகிக்கவே முடியாதவை இந்தச் சர்வருக்கே உரியவை மட்டும்தான்: எது என் இடம், எப்படித் திரும்பி வருவது, எதைச் செய்தால் வெளியேற்றுவார்கள், யாரிடம் கேட்பது. இந்த நான்கையும் எப்போது சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தருணத்தைப் பிடிக்க சர்வரின் உள்ளமைப்பே கைகொடுக்கிறது.

நம் கணினியில் ஓடும் கேம் எதையும் இறுதியாக முடிவு செய்வதில்லை. ஒரு பிளாக்கை வைத்தால் "வைக்கப் பார்க்கிறார்" என்ற செய்தி சர்வருக்குப் போகும்; அது சரி என்றால்தான் பிளாக் நிற்கும். சர்வர் நொடிக்கு 20 முறை, அதாவது 50 மில்லிநொடிக்கு ஒரு முறை, உலகத்தை ஒரு படி நகர்த்துகிறது. யார் வந்தார், யார் பெட்டி வைத்தார், யார் செத்தார் என்று ஒவ்வொன்றும் அதன் கை வழியாகத்தான் போக வேண்டும். பிளகின்கள், அதாவது சர்வரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள், அந்த இடத்தில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பெயர் மாறினாலும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. அதற்கு எதிரே "பெட்டி வைத்துவிட்டார்", "ஒருமுறை செத்துவிட்டார்" என்று குறித்துவைத்தால் யார் எதைக் கற்றிருக்கிறார் என்பது சர்வருக்குத் தெரிந்துவிடும்.

இதோடு இன்னொரு வசதியும் உண்டு. யாருக்கு என்ன காட்டுவது என்பதும் சர்வர் கையில்தான். ஒரு செய்தியை ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம். கூட்டமாக நிற்பவர்களை அவர் கண்ணிலிருந்து மறைக்கலாம். இல்லாத பிளாக் ஒன்றை அவருக்கு மட்டும் இருப்பதாகக் காட்டலாம். ஒரே முற்றத்தில் பத்துப் பேர் நின்றாலும் பத்துப் பேருக்கும் தனித்தனிப் பாடம் நடத்த முடியும்.

கிரீஃப் பிரிவென்ஷன் என்ற பிளகின் இதை எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். அடுத்தவர் கட்டியதை நாசம் செய்வதைத் தடுக்க நிலத்தை ஒருவர் பெயரில் பதிவு செய்யும் பிளகின் அது. புதியவரிடம் "நிலப் பதிவு என்றால் என்ன தெரியுமா" என்று அது ஆரம்பிப்பதில்லை. அவர் எங்கோ ஒரு மூலையில் தன் முதல் பெட்டியை வைக்கும்வரை பேசாமல் இருக்கும். பெட்டி வைத்த நொடியில் அதைச் சுற்றி ஒரு சிறு சதுரத்தை அவர் பெயரில் பதிவு செய்துவிட்டு, இது இனி பாதுகாப்பானது என்று சொல்லும். சதுரத்தின் ஓரங்கள் ஒளிரும் கற்களாகவும் தங்கப் பிளாக்குகளாகவும் தரையில் தெரியும், அவருக்கு மட்டும். இடம் போதவில்லை என்றால் கோல்டன் ஷவலால் (தங்க மண்வெட்டி) மூலையை இழுத்துப் பெரிதாக்கலாம். ஒரு மனிதர் பெட்டி வைக்கிறார் என்றால் பத்திரப்படுத்த வேண்டிய ஏதோ அவரிடம் சேர்ந்துவிட்டது என்று பொருள். "என் பொருள் திருடு போகுமோ" என்ற கேள்வி மனதில் எழும் அதே நேரத்தில் பதில் காலடியில் மின்னுகிறது. சர்வர் பயிற்சிகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதல் சாவும் இப்படி ஒரு தருணம்தான். செத்தவரின் பொருள்கள் விழுந்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது இருந்து அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும் கமாண்டையும் விழுந்த இடம் எங்கே என்பதையும் அந்த நேரத்தில் ஒரு வரியில் சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த உடையாத சுவருக்கு வருவோம். வந்து இறங்கும் இடத்தைச் சுற்றிச் சாதாரண ஆட்டக்காரர்கள் எதையும் உடைக்க முடியாதபடி ஒரு பாதுகாப்பு வளையம் உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு நடுவிலிருந்து 16 பிளாக் தூரம். வளையம் தேவைதான். ஆனால் அடித்தவருக்கு எந்தப் பதிலும் வராததால் "இங்கே எதையும் உடைக்க முடியாது போல" என்று தவறாகக் கற்றுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்தத் தோல்வியும் சர்வருக்குத் தெரிந்த நிகழ்வுதானே! "இது பொது இடம், கிழக்கே கொஞ்சம் நடந்தால் வெட்டலாம்" என்று அங்கே ஒரு வரி வந்தால் போதும்.

தனியாக ஆடும் விளையாட்டில் பாடம் நடக்கும்போது உலகத்தை நிறுத்திவைக்கலாம். சர்வரில் அது முடியாது. மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் 20 நிமிடம். நீங்கள் படித்து முடித்தீர்களா என்று பார்க்காமல் இரவு வரும், ஜாம்பி வரும். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ரூன்ஸ்கேப் விளையாட்டு இதற்காகப் புதியவர்களைத் தனித் தீவிலேயே இறக்கிவிட்டது. அங்கே இறால் பிடித்து, மரம் வெட்டி, தீ மூட்டி, சமைத்த பிறகுதான் வாயில் திறக்கும். அப்புறம் தகரமும் செம்பும் வெட்டி உருக்கி வெண்கலக் கத்தி அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் லம்பிரிட்ஜ் ஊருக்குப் போகலாம். தீவுக்குத் திரும்பி வர வழியில்லை. செய்ய வைத்துக் கற்பிப்பதில் அந்தத் தீவு அபாரம். ஆனால் வாயிலுக்கு மேல் வாயில் வைத்து எல்லாரையும் ஒரே பாதையில் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவோடு சேர்ந்து முதல் மட் விளையாட்டை (எழுத்து வழியே பலர் சேர்ந்து ஆடும் உலகம்) உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், ஆட்டக்காரர்களை 1996இல் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், மற்றவரைத் தாக்க வருபவர். சுற்றிப் பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்திவைத்தால் அவர் வந்த காரணமே போய்விடுகிறது.

பழக வந்தவருக்கு எந்தப் பிளகினும் போதாது. 2003இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனில் புதியவர்கள் கேள்வி கேட்கத் தனிச் சாட் உண்டு. போதாதென்று ஆட்டக்காரர்களே 2004இல் ஈவ் யுனிவர்சிட்டி என்று ஓர் அமைப்பு தொடங்கிப் பாடம் நடத்தினார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2020இல் புதியவர்களையும் அனுபவசாலிகளையும் ஒரே சாட்டில் சேர்த்துவிட்டது. சிறிய சர்வர்களுக்கு இவ்வளவு வேண்டாம். புதியவர் வந்ததும் பழையவர்களில் விருப்பம் சொன்ன இருவருக்கு மட்டும் ஒரு மணி ஒலித்தால், முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் வைரக் கவசத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேடிச் சேர்க்கும் வேலையே ஆட்டம், அதைப் பரிசாகக் கொடுத்தால் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

மொழியையும் யோசிக்க வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும், ஒருவர் எந்த மொழி வைத்திருக்கிறார் என்பதும் சர்வருக்குத் தெரியும். தமிழ் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரியைத் தமிழிலேயே அனுப்பலாம். பலகையில் நான்கே வரிகள், ஒவ்வொன்றும் குறுகல். தமிழ்ச் சொற்கள் அதில் மூச்சுமுட்டும். ஆகவே சாட்டிலோ திரையின் நடுவிலோ காட்டுவது நல்லது.

இத்தனையும் வேலை செய்கிறதா என்று அறிய லாக், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு, போதும். ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை பேர் தாண்டினார்கள், கிளம்பியவர்கள் கடைசியாக என்ன செய்தார்கள் என்று எழுதிவையுங்கள். பெட்டி வைத்த பிறகு போகிறவர்கள் குறைவு, சுவரை அடித்த பிறகு போகிறவர்கள் அதிகம் என்று தெரிந்தால் எங்கே கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று சொல்ல முடியாது. கமாண்டைத் தானாகவே சிலமுறை பயன்படுத்திவிட்டவருக்கு அதைப் பற்றிய குறிப்பை நிறுத்திவிடுங்கள். ஒருவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் சர்வர் வைத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருபவருக்கு முழுப் பாடம் வேண்டாம். வீட்டுக்குப் போகும் கமாண்டை மட்டும் காட்டினால், மிச்சத்தை அங்கே போய் அவரே நினைவுபடுத்திக்கொள்வார்.