லாபம் இருக்கிறது, சம்பளம் போடத்தான் காசு இல்லை

சென்னையில் மென்பொருள் கம்பெனி நடத்துகிறவர்கள் நான்கு பேர் கூடினால் இரண்டு கதைகள் தவறாமல் வரும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்த ஜோஹோ ஒன்று. 2010-இல் இங்கே தொடங்கி 2021-இல் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தை வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் இன்னொன்று. நல்ல கதைகள்தான். ஆனால் வசூல் பற்றி அந்தக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆடிட்டராக நான் பார்க்கும் கம்பெனிகள் வேறு மாதிரி. வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ மாடியில் ஓர் அலுவலகம். ஆறேழு பேர். சொந்தமாக ஒரு ப்ராடக்ட். அது காலூன்றும் வரை செலவுக்கு, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்குச் செய்துகொடுக்கும் ப்ராஜெக்ட் வேலை. வேலை கிடைக்காமல் மூடியவற்றைவிட, முடித்துக் கொடுத்த வேலைக்குக் காசு வராமல் திணறியவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மார்ச் மாதம்தான் ரொம்ப மோசம். "பட்ஜெட் காலாவதி ஆயிடும், பில்லை இப்பவே போட்டுடுங்க" என்று கிளையன்ட் சொல்வார். நம்மவர் சந்தோஷமாக 28-ஆம் தேதி 10 லட்சத்துக்கு பில் போடுவார். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11.8 லட்சம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் ஏப்ரல் 20-க்குள் அந்த 1.8 லட்சத்தைக் கட்டியாக வேண்டும். கிளையன்ட் காசு கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்காது. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பேமென்ட் ஜூலையில் வருகிறது என்று வையுங்கள். கிளையன்ட் நம் பேரில் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரியான டிடிஎஸ் 10 சதவீதம் என்றால், அது போக 10.8 லட்சம் கைக்கு வரும். இதற்கிடையில் மூன்று மாதச் சம்பளம், வாடகை, சர்வர் செலவு எல்லாம் போயாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த 10 லட்சம் முழுவதும் முந்தைய ஆண்டின் வருமானம், லாபமும் அந்த ஆண்டுக்கே. பேலன்ஸ் ஷீட்டைக் காட்டும்போது, "லாபம்னு சொல்றீங்க, காசு எங்க சார்?" என்று கேட்பார்கள். கிளையன்டின் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டில் இருக்கிறது, வேறெங்கே?

இன்னொரு கிளையன்டின் ஜிஎஸ்டி பணத்தை எடுத்துச் சம்பளம் போடுவது இங்கேதான் தொடங்குகிறது. ஒருமுறை தொட்டுவிட்டால் அந்தப் பள்ளம் அடுத்த மாதம் பெரிதாகும். ஜிஎஸ்டிக்கு என்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டு) சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான், ஜிஎஸ்டி எண் போதும். காசு கேட்கும் தளங்கள் ஏஜென்டுகளுடையவை. ஆனால் பில் போடுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு உரிமை கேட்டால் சிக்கல்.

"நாள் எண்ணுவதே சைன்-ஆஃப் வந்த பிறகுதானே, அதைத்தான் தர மாட்டேங்கிறாங்களே" என்பது அடுத்த புலம்பல். சைன்-ஆஃப் என்றால், வேலையை ஏற்றுக்கொண்டோம் என்று கிளையன்ட் தரும் ஒப்புதல். இதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே வேலையை வாட்ஸ்அப்பில் "அனுப்பிட்டேன் சார்" என்று முடிக்காமல், எந்த வெர்ஷன், எந்த பர்ச்சேஸ் ஆர்டர், எந்தத் தேதி என்று எழுதி ஒரு மெயில் போடுங்கள். "பட்டன் கலரை மாத்தணும்" என்று போனில் சொன்னால், அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் கிளையன்ட் போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். பாக்கி தராதவர்கள் மேல் அரசுத் தளத்தில் புகார் கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் செய்ய வேண்டியது, பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுவதும், ப்ராஜெக்ட் மேனேஜரை விட்டுவிட்டு அக்கவுண்டன்டிடம் பேசுவதும். மேனேஜருக்கு இது தலைவலி. அக்கவுண்டன்டுக்கோ இது வரிக் கணக்கு. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி (1961 வருமான வரிச் சட்டத்தில் அது 43பி(எச்) பிரிவு), கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கியாக நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் கழிக்க முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். பில் தேதியிலிருந்து 180 நாள் ஆகியும் கொடுக்காவிட்டால், அந்த பில்லின் ஜிஎஸ்டியைத் தங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவையும் வட்டியோடு திருப்ப வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில், இந்த இரண்டு விதியையும் மரியாதையாகச் சேர்த்து ஒரு பாக்கிப் பட்டியல் அனுப்பிப் பாருங்கள். அதுவரை போனே எடுக்காதவர்கள் பேங்க் டீடெயில்ஸை மறுபடி கேட்டு அவர்களாகவே கூப்பிடுவார்கள்.