நான்கு கால் பசுவும் ஊட்ல பூந்த மாடும்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் கட்டுரை நோட்டில் அடுத்தடுத்து இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில், "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. பசு பால் தரும்." முத்து முத்தான கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. கரும்பலகையைப் பார்த்து எழுதியது. இரண்டாம் பக்கம், தை மாதம் அவன் ஊரில் மாடு விடும் விழா முடிந்த மறுவாரம், பார்த்ததை எழுதச் சொன்னபோது எழுதியது: "எங்கூர்ல மாடு வுட்டாங்கோ. நானு மாடி மேல ஏறிகினு பாத்தேன். ஒரு மாடு எங்க ஊட்ல பூந்துட்சி."

குடியாத்தம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த இரண்டில் எதை எழுத்து என்று கொண்டாட வேண்டும் என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியின் நோட்டில் பிழைக்குப் பிழை சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் இரண்டே வரி எழுதினாள். அதற்கடுத்த வாரம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாள். பிழையே இல்லை. அவளும் அதில் இல்லை. அந்த நோட்டு இன்றும் என் மனதை அறுக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு எழுத்து ஏன் கடினம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு. வடார்க்காட்டில் மழை 'மயை' ஆகும், பழம் 'பயம்' ஆகும். காதில் கேட்டதை அப்படியே எழுதும் பிள்ளை கவனக்குறைவான பிள்ளை அல்ல, நன்றாகக் கேட்கும் பிள்ளை. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீட்டில் உருது பேசிவிட்டு வரும் பிள்ளைகளும், தெலுங்கு பேசிவிட்டு வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். எழுத்து முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், கையில் முதலில் வருவது கொம்பு. 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். ஏழு வயதுக் கைக்கு இது சின்ன வேலை இல்லை.

2022இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடத்தைப் பிரித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் எந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும். அதை அவர்கள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுகிறேன். தன் பேச்சு எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும்போது அந்த முகத்தில் வரும் மாற்றத்தை எந்த மதிப்பெண்ணும் தராது. எழுதத் தொடங்கிய பிள்ளையின் நோட்டை இரண்டு முறை வாசிப்பேன். முதல் முறை பேனாவை மூடிவிட்டு, என்ன சொல்கிறான் என்று மட்டும். இரண்டாம் முறை ஒரே ஒரு பிழை. இந்த வாரம் ழகரம் என்றால் ழகரம் மட்டும்தான். மற்றவை காத்திருக்கும்.

சொல்வதை எழுதுதலும் கையெழுத்துப் பயிற்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினம் பத்து நிமிடம் போதும். இடது கையால் எழுதும் பிள்ளையைத் தயவுசெய்து அடித்து மாற்றாதீர்கள்.

"டீச்சர், தப்பைத் திருத்தாம வுட்டுட்டீங்களே" என்று நோட்டோடு வந்து கேட்கும் அம்மாக்களிடம் ஒன்று சொல்வேன்: பீடி சுற்றும்போதோ தறிக்குப் பக்கத்திலோ பிள்ளையை உட்காரவைத்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "அப்புறம் இன்னா ஆச்சி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். வெளியூரில் இருக்கும் உறவுக்கு அஞ்சலட்டை எழுதவையுங்கள். படிக்க ஒரு ஆள் காத்திருக்கிறார் என்றால் பிள்ளை தானாகவே திருத்தி எழுதும்.

எழுத்துகளைத் திருப்பிப் போடுவது சின்ன வகுப்பில் சகஜம். மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்துகள் குழம்பினால், நன்றாகப் பேசும் பிள்ளை எழுதச் சொன்னதும் அழுதால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு, அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைப் பாருங்கள். கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாமதிக்கத்தான் கூடாது.

அந்தப் பையனின் நோட்டில் அன்று நான் எழுதியது ஒரே கேள்வி: "மாடு உள்ளே வந்து என்ன செய்தது?" மறுநாள் கீழே நான்கு வரி சேர்ந்திருந்தது. "தண்ணி கொடத்த தள்ளி வுட்டுட்சி. எங்க ஆயா தொடப்பத்த எட்துகினு வந்தாங்கோ. மாடு ஆயாவ பாத்துச்சி. அப்புறம் அதுவே பூட்சி." வகுப்பில் வாசித்தான். பிறகு கரும்பலகையில் 'பேசுற தமிழ்', 'எழுதுற தமிழ்' என்று இரண்டு கட்டம் போட்டோம். 'வுட்டாங்கோ'வுக்கு எதிரே 'விட்டார்கள்', 'பூட்சி'க்கு எதிரே 'போய்விட்டது'. 'ஆயா'வை 'பாட்டி' என்று மாற்றலாமா என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"வேணாம், அது ஆயாதான்" என்றான் அவன். அப்படியே விட்டோம்.