ஓட்டுபவரை ஓட்டும் மெஷினும் கார்பெட் அழுக்கும்

தரையையும் கார்பெட்டையும் ஒரே வட்டப் பிரஷால் தேய்க்கும் சிங்கிள் டிஸ்க் மெஷினை முதன்முதலாகப் பிடிப்பவர் அதை ஓட்டுவதில்லை, அதுதான் அவரை ஓட்டும். சுவிட்சைப் போட்டதும் பக்கவாட்டில் பாயும். பதறிப்போய்க் கைப்பிடியை அழுத்தினால் எதிர்ப்பக்கம் பாயும். பழகியவரோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதை வலமும் இடமுமாக வீசிக்கொண்டு போவார். கைவலிமைக்கு இதில் வேலையே இல்லை. கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த மெஷினை நகர்த்தச் சக்கரம் கிடையாது. பின்னாலிருக்கும் இரண்டும் அறை விட்டு அறை உருட்டிப் போவதற்கு மட்டும். வேலை நேரத்தில் மெஷினின் எடை முழுவதும் அடியிலுள்ள வட்டப் பிரஷின் மேல்தான். அதன் விட்டம் பொதுவாக 17 அங்குலம். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மெஷின்களில் பிரஷ் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதாவது முன்விளிம்பு தரையை இடப்பக்கமாக உரசுகிறது, பின்விளிம்பு வலப்பக்கமாக. எடை சமமாக விழும்வரை இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், பிரஷ் சுழன்றாலும் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும். கைப்பிடியைச் சற்று உயர்த்தினால் எடை முன்னால் சாய்கிறது. முன்விளிம்பு தரையை இடப்பக்கம் தள்ள, தரை மெஷினை வலப்பக்கம் தள்ளுகிறது. தாழ்த்தினால் இதற்கு நேர்மாறு. நியூட்டனின் மூன்றாம் விதியையே ஸ்டியரிங்காக வைத்து ஓடும் வண்டி! வழவழப்பான தரையில் பழகிய கைகூடக் கார்பெட்டில் கொஞ்சம் தடுமாறும். அங்கே உராய்வு அதிகம், சிறு சாய்வுக்கே பெரிய இழுப்பு.

சரி, கார்பெட்டைச் சுத்தம் செய்ய வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் எந்திரம் இருக்கும்போது, அதற்கு முன் இந்தத் தேய்ப்பு எதற்கு? துணி துவைப்பவருக்குக் கேட்காமலே பதில் தெரியும். சோப்பு நீரில் ஊறவைத்து, கசக்காமல் அலசினால் காலரிலுள்ள கறை அப்படியே இருக்கும். ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வேதிப்பொருள், வெப்பம், நேரம், விசை என்று நான்கு பங்கு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். உறிஞ்சும் எந்திரத்தின் வெந்நீர் ஓர் இழையைத் தொடுவது ஒன்றிரண்டு நொடிதான். நேரத்தில் விழும் அந்தப் பள்ளத்தை, முன்கூட்டியே தெளித்து ஊறவைக்கும் கரைசலும் பிரஷின் விசையும் நிரப்புகின்றன.

தெளிப்பதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, பலர் தவறுவதும் அங்கேதான். கார்பெட்டில் தங்குவதில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலும். வேக்குவம் போடாமல் அதன்மேல் நீர் தெளித்துப் பிரஷை ஓட்டினால் கிடைப்பது சேறு. மணலிலுள்ள குவார்ட்ஸ், கார்பெட் இழையான நைலானைவிடப் பல மடங்கு கடினம். அதை வைத்துத் தேய்ப்பது இழைக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தினம் நடக்கும் பாதையில் கார்பெட் மங்கித் தெரிவதற்கும் அழுக்கு மட்டுமே காரணமல்ல, இழையில் விழுந்த கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதும்தான். எந்த ஷாம்பும் அதைச் சரிசெய்யாது.

மணல் போனபின் மிஞ்சுவது எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய நுண்தூசியும். தெளித்த கரைசலிலுள்ள சோப்பு மூலக்கூறின் வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை நீரைப் பிடிக்கும். ஆனால் தெளித்த நீர் இழைக்கற்றையின் நுனியை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அதைக் கீழே கொண்டுபோய், எல்லாப் பக்கமும் பூசிவிடுவதுதான் பிரஷின் முதல் வேலை. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறுவதற்குள் காயவிடாமல் இதைச் செய்ய வேண்டும்.

வட்டப் பிரஷுக்கு இதில் ஓர் இயல்பான சாமர்த்தியம் இருக்கிறது. மெஷின் வலப்பக்கம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இழைக்கற்றையை முதலில் தொடுவது வலவிளிம்பு, அது முன்னோக்கி வாரும். கடந்துபோகும்போது தொடுவது இடவிளிம்பு, அது பின்னோக்கி வாரும். ஒரே வீச்சில் இரு திசையிலும் தேய்ப்பு! நிமிடத்துக்கு 175 சுற்று என்றால் விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டர். மையத்திலோ வேகம் பூஜ்யம். அதனால் ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு பாதி ஏறி வரும்படி ஓட்டுவார்கள்.

இந்த விசைக்கு ஒரு விலை உண்டு. நுனி வெட்டிய இழைகளில் நூலின் முறுக்குத்தான் உருவத்தைக் காப்பது. கடினமான பிரஷ் அதைப் பிரித்துவிட்டால் நுனி தேய்ந்த பல் துலக்கி மாதிரி விரிந்துபோகும், திரும்பாது. கம்பளியில் இன்னும் ஆபத்து. அதன் இழைமேல் நுண்செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் காரமும் இருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சிக்குப்பிடிக்கும். என் கருத்தில் கம்பளிக்கும் நீள இழைகளுக்கும் இந்த மெஷினைக் கொண்டுபோகாமலிருப்பதே நல்லது. சில கார்பெட்டுகளின் இழையான பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உருகுவது சுமார் 160 டிகிரி செல்சியஸில். உலர்ந்த நிலையில் ஒரே இடத்தில் பிரஷைச் சுழலவிட்டால் உராய்வுச் சூட்டிலேயே தடம் விழலாம். குட்டையான, நெருக்கமான, நுனி வெட்டாமல் வளையமாகவே விட்ட நைலான் இழைதான் இதற்குப் பொருத்தம், அதுவும் மென்மையான நைலான் பிரஷோடு.

தேய்த்து முடித்த கார்பெட் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டது போலிருக்கும். அதை நம்பக்கூடாது. அழுக்கு எங்கும் போகவில்லை, பிடி தளர்ந்து நீரில் மிதக்கிறது, அவ்வளவுதான். உறிஞ்சாமல் விட்டால் காயும்போது அடியிலுள்ள ஈரம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுனிக்கு ஏறி, ஆவியாகி, சுமந்துவந்ததை அங்கே விட்டுவிடும். துடைத்த கறை மறுநாள் திரும்பி வருவது இப்படித்தான். தங்கிவிட்ட சோப்பும் பிசுபிசுத்துப் புதுத் தூசியைப் பிடித்து வைக்கும். எனவே தேய்த்த கையோடு உறிஞ்சிவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே இழைகளைக் கார்பெட் சீப்பால் ஒரே திசையில் வாரியும் விட வேண்டும். இல்லையென்றால் மெஷின் போன பாதை முழுக்க வட்ட வட்டமாய்க் காய்ந்து நிற்கும்.