முன்பள்ளி ரீச்சர்மார் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

மூன்று வயதுப் பிள்ளை ஒரு ரீச்சரோடு ஒட்டக் கிழமைக்கணக்காகும். ஒட்டின பிறகு அவர் நின்றுவிட்டால், கேற்றடியில் தாயின் கையை விடாத அழுகை திரும்பவும் தொடங்கும். சிறுநீர் வந்தால் சொல்லப் பழகின பிள்ளை மறுபடி உடுப்பை நனைக்கும். ஆள் நின்றதும் நிர்வாகக் குழுக்கள் சம்பளம் குறைவு என்பதையே காரணமாகச் சொல்கின்றன. குறைவுதான். ஆனால் தொகையைவிட, அது எப்போது கைக்கு வரும் என்று தெரியாத நிலையே ஆளை முதலில் களைக்க வைக்கிறது.

பல முன்பள்ளிகளில் சம்பளம் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்தே வருகிறது. திருகோணமலைக் கரையோரத்தில் நவம்பர் தொடங்கினால் வாடைக் கடல். மீன்பிடித் தொழில் படுக்கும், கட்டணமும் பிந்தும். அடுத்து டிசம்பர் விடுமுறை: வகுப்பில்லை, கட்டணமில்லை, சம்பளமும் இல்லை. இதில் கொடுமை, வாசலில் நின்று கட்டணம் கேட்பதும் ரீச்சரின் வேலையாக இருப்பது. தன் சம்பளத்தைத் தானே கேட்பதுபோல் கூசிப்போவார்; பெற்றோரோடும் முகம் முறியும்.

கணக்கை ஆண்டுக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, மாதம் 15,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 180,000. 20 பிள்ளைகள், 10 மாத வசூல் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 900. மாதச் சம்பளத்தை 20 பிள்ளைகளுக்குப் பிரித்து வழக்கமாகக் கேட்கும் 750ஐ விட 150 கூட. அதற்கு 12 மாதமும் சம்பளம் உறுதி. கடற்தொழில் வீடுகள் தொழில் நடக்கும் மாதங்களில் கூட்டிக் கட்டட்டும். பணத்தைப் பொருளாளர் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும்.

முன்பள்ளிப் பணிச்சூழலை ஆராய்ந்த போலா ஜோர்ட் புளூம் அதை 10 கூறுகளாக அளந்தார். ஊதியமும் சலுகையும் அதில் ஒன்றுதான். பொறுப்பாளரின் ஆதரவு, விதிகளில் தெளிவு, முடிவெடுப்பதில் பங்கு எல்லாம் தனித்தனிக் கூறுகள். வகுப்பில் இரண்டாவது ஆள் இல்லாததால், மலசலகூடம் போக முடியாதென்று காலை 8 மணியிலிருந்து 12 மணிவரை தண்ணீரே குடிக்காத ரீச்சர்மார் இருக்கிறார்கள். இப்படி இருந்தால் சிறுநீர்த்தொற்று வரும் வாய்ப்புக் கூடும். பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் 15 நிமிடம் ஒரு தாயை முறைவைத்து அமர்த்தினால் இது தீரும், செலவேயில்லை.

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். அப்போது 10 வேலைநாளாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து நிற்கட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கமாகக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்: காய்ச்சலில் வலிப்பு வந்ததா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யார் கூட்டிப்போகலாம், எதைக் கையில் கொடுத்தால் அழுகை அடங்கும். கடைசி நாளில் பழைய ரீச்சர் குந்தியிருந்து, பிள்ளையின் முகம் பார்த்து, "நாளைக்கு நான் வரமாட்டன், இந்த ரீச்சர் வருவா" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.