பெரிய உப்புநீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர்: பெட்டியில் எழுதிய லிட்டரை நம்பலாமா?

எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். இப்படி ஒரு கண்ணாடித் தொட்டி விளிம்புவரை 1,130 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து, கீழே சம்பில் (தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டி) நிற்கும் தண்ணீரைக் கூட்டினால் கிட்டத்தட்ட 1,100 லிட்டர். உடனே '1,200 லிட்டருக்கு' என்று எழுதிய ஸ்கிம்மரை, அதாவது கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவியை, எடுத்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தம் கணக்கில் போடுவது.

மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் புரதம், கொழுப்பு போன்றவற்றில் பல, ஒரு முனையில் தண்ணீரோடு ஒட்டும். மறுமுனையில் தண்ணீரை விட்டு விலகும். காற்றுக்குமிழியின் மேற்பரப்பு கிடைத்தால் அங்கே போய்ப் படிந்துகொள்ளும். குமிழி மேலே ஏறி நுரையாகி, கழுத்து வழியாக வழிந்து கோப்பையில் விழும். அவை அழுகி அம்மோனியா ஆகுமுன் வெளியே எடுப்பதுதான் ஸ்கிம்மரின் வேலை. ஏற்கெனவே கரைந்திருக்கும் நைட்ரேட்டை அது தொடாது. கடல்நீரில் உள்ள உப்பு, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கிறது. நன்னீரில் அந்தத் தடை இல்லாததால்தான் நன்னீர்த் தொட்டியில் இதே கருவி பெரும்பாலும் சும்மா ஓடும்.

குமிழியின் விட்டம் பாதியானால், அதே அளவு காற்றுக்கு மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்கு. அதற்காகத்தான் நீடில் வீல் பம்பில் இறக்கைக்குப் பதில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கிறது: வென்சுரி (தண்ணீர் வேகமாக ஓடும் குறுகிய வாய்) உறிஞ்சும் காற்றை அது பொடிப்பொடியாக நறுக்குகிறது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கும் என்பதை. பம்பின் வாட்டை வைத்து இதைக் கணிக்க முடியாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் நாடுகளுக்குச் சொல்லப்பட்ட அளவுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறுவது), நம் 50 ஹெர்ட்ஸில் 3,000 சுற்றுதான்.

அடுத்தது தீனி. தினமும் உறைந்த இறால் கொட்டும் மீன் தொட்டிக்குப் பெரிய ஸ்கிம்மர் சரி. பவளம் நிறைய, மீன் நாலைந்து என்றால் பெரியது வாங்கினால் கோப்பை காலியாகவே கிடக்கும்: அகன்ற கழுத்தை நிரப்பி நுரையைத் தாங்கும் அளவுக்குக் கழிவு அதில் இருக்காது. சின்னதே போதும், காசும் மிச்சம்.

பலர் கோட்டை விடுவது சம்பில். உள்ளே வைக்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 18 முதல் 23 சென்டிமீட்டர் தண்ணீர் ஆழத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. ஆழம் கூடினால் கோப்பையில் வெறும் தண்ணீர் விழும். குறைந்தால் நுரை கழுத்தை எட்டாது. சம்ப் ஆழமாக இருந்தால் அடியில் அக்ரிலிக் மேடை போட்டு உயர்த்துங்கள். கோப்பையைக் கழற்ற மேலே இடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள். கேபினட் மூடி இடிப்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

புதுக் கருவி முதல் சில நாள், சில சமயம் இரண்டு வாரம்வரை, ஒழுங்காக நுரைக்காது. தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். தினமும் வால்வைத் திருகாதீர்கள். குமிழியும் நுரையும் பிரியும் கோடு கழுத்தின் அடியில் நிற்கும்படி வைத்து, ஒரு நாள் பொறுங்கள். கோப்பையில் விழுவது இளந்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் அதிகமாகப் போகிறது, உப்பளவைப் பாருங்கள். டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தால் நுரை வறண்டு ஏறுகிறது.

கழுத்தின் உட்புறம் பழுப்புப் பிசின் படிந்ததும் அதில் பட்டு நுரை உடையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியால் வழித்துவிட்டாலே ஏறத் தொடங்கிவிடும். காற்றுக்குழாயின் நுனியில் உப்பு பூத்து அடைப்பது இன்னொரு தொல்லை. சத்தம் மாறினால் அதுவாகத்தான் இருக்கும், வெந்நீரை உறிஞ்சவிட்டால் கரையும். சன்னல் சாத்திய ஏசி அறையில் கரியமிலவாயு சேர்ந்து தொட்டியின் பிஎச் இறங்கும் என்பதால், அந்தக் குழாயை வெளியே நீட்டிவைப்பது நல்லது.

கரண்ட் போகும்போதுதான் பெரிய விபத்து. சம்புத் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, சம்பின் மட்டம் பல சென்டிமீட்டர் ஏறிவிடும். கரண்ட் வந்ததும் மூழ்கிக் கிடக்கும் ஸ்கிம்மரும் கூடவே கிளம்பினால் கோப்பை பொங்கித் தரை நனையும். ஸ்கிம்மரின் பிளக்கில் மட்டும் ஒரு டைம் டிலே ரிலே போட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும்படி வையுங்கள். அதற்குள் மட்டம் பழைய இடத்துக்கு வந்திருக்கும்.