கார் கண்ணாடி உடைந்து கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள்

மதுரையில் திருட்டு என்றதும் எல்லோரும் பஸ் ஸ்டாண்டையும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையும்தான் நினைக்கிறார்கள். ஒரு வழக்கறிஞராக நான் பார்ப்பது வேறு. நாராயணபுரம், திருப்பாலை, ஊமச்சிகுளம் பக்கம் பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் தெருக்கள். கேட்டுக்குள் வண்டி நுழையாது, வாசலில்தான் நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் ஆள் இருக்காது. கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும்.

பாதிக்கப்பட்டவர் என்னிடம் வருவதற்குள் பல நாள் ஓடியிருக்கும். கண்ணாடி மாற்றியாச்சு, சீட்டைத் துடைத்தாச்சு, எதிர்வீட்டு கேமராப் பதிவும் அழிந்திருக்கும். கையில் இருப்பது புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தந்த ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். அதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாமல் அவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

முதலில், எதையும் தொடாதீர்கள். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டும். அந்தக் குவியலுக்குள் ஒரு சின்ன பால்ரஸ் குண்டு கிடக்கலாம். உண்டிவில்லில் அதை வைத்து அடித்து உடைப்பவர்கள் உண்டு. கதவுப் பிடியிலும் டேஷ்போர்டிலும் கைரேகை இருக்கலாம். நான்கு பக்கமும், உள்ளேயும் போட்டோ எடுங்கள். 112-க்கு அழையுங்கள். பையில் போன் இருந்தால் உடனே சிம்மை முடக்கச் சொல்லுங்கள், ஏ.டி.எம். கார்டு, செக் புக் இருந்தால் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அப்புறம் புகார். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "என் பை திருடு போய்விட்டது" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். பையில் என்ன இருந்தது, ஒவ்வொன்றும் என்ன விலை, லேப்டாப் சீரியல் எண், போனின் ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் எழுத வேண்டும். கண்ணாடி உடைந்த நஷ்டத்தைத் தனியாக எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களின்படி, திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. விலை எழுதாத புகார் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதற்காக இல்லாத நகையைச் சேர்த்து எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் மொத்த வழக்கையும் கவிழ்த்துவிடும்.

"சி.எஸ்.ஆர். போட்டாச்சு சார், தகவல் கிடைச்சா கூப்பிடுறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். போட மறுத்தால் நேராக ஒத்தக்கடைக்கு, ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டாம். நகருக்குள் என்றால் கமிஷனருக்கும், வெளியே என்றால் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "காணாமல் போனது என்று ஆன்லைனில் பதிந்துவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுத்தது திருட்டு.

எல்லாவற்றையும்விட அவசரமானது கேமரா. வீடுகளில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில வீடுகளில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அன்றைக்கே போய்க் கேளுங்கள். திரையைப் போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆளைத் தேட உதவும், கோர்ட்டில் நிற்பது கஷ்டம். பென் டிரைவில் நேரடியாகக் காப்பி எடுக்க வேண்டும். டி.வி.ஆர். கடிகாரம் பல வீடுகளில் தப்பாக ஓடும். திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி அந்தப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் கேமரா வைத்திருப்பவர் கையெழுத்து தேவைப்படும். "நமக்கு எதுக்குங்க கோர்ட்டு, கேஸு" என்று பக்கத்து வீட்டுக்காரர் தயங்குவார். அவர் பயம் நியாயமானது. கூட ஒருவரை அழைத்துப் போய்ப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை நிற்கப்போவது அவர் காராகவும் இருக்கலாம் அல்லவா?

இன்சூரன்ஸ் பற்றி ரெண்டு வார்த்தை. முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குப் பணம் கிடைக்கும்; பைக்கும் லேப்டாப்புக்கும் தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான். ஒரு கிளெய்ம் போட்டாலே 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றுச் சாவி பையோடு போயிருந்தால் அதைப் புகாரில் கட்டாயம் எழுதிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள். பிறகு காரே திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும்.

பொருள் பிடிபட்டால் அதுவே கைக்கு வந்துவிடாது. கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் தேவையில்லாமல் நீண்ட காலம் வைத்திருக்கக் கூடாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகாரில் நீங்கள் எழுதிய சீரியல் எண்ணும் கையில் இருக்கும் பில்லும் ஒத்துப்போனால், வழக்கு முடியும்வரை காத்திருக்காமலே இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம்.